முதல் பீரியடுக்கு வராத எண்ணூர் ரோட்டுப் பெண்கள்

ஒரு பெண் பிளஸ் டூ முடிப்பாளா மாட்டாளா என்று மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. அதை ஆகஸ்டிலேயே சொல்லித் தொலைக்க வேண்டும் என்பதுதான் நான் ஒரு வருஷம் பார்த்த தொழில்.

தொழில் என்று பெருமைக்குச் சொல்கிறேனே தவிர, நான் டீச்சர் இல்லை. ராயபுரத்தில் இருபத்தாறு வருஷமாக ஒரு வீட்டை, ஒரு கணவரை, ஒரு பழைய கிரைண்டரை ஓட்டிக்கொண்டிருப்பவள். வீட்டில் பிளஸ் டூ பிள்ளை வைத்திருப்பவர்களே, உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். நீங்கள் ஒரே ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு பிரஷர் மாத்திரை போடுகிறீர்கள். நான் முப்பத்தெட்டு பேரை வைத்திருந்தேன். அத்தனையும் பெண்கள். அத்தனை பேருக்கும் என்னை விட வாய்.

மாட்டிவிட்டது யார்

எங்கள் பக்கத்துப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை சிஸ்டர் பிரிஜிட். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் கான்வென்டில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். பிறகு அவள் மடத்துக்குப் போனாள், நான் கல்யாணத்துக்குப் போனேன். யாருக்கு நிம்மதி அதிகம் என்று இன்னும் நாங்கள் பேசி முடிக்கவில்லை.

அவள் பள்ளியில் ஒவ்வொரு வருஷமும் பிளஸ் டூவில் நாலைந்து பெண்கள் நடுவிலேயே காணாமல் போவார்களாம். சண்டை போட்டுக்கொண்டு போவதில்லை, சொல்லிக்கொண்டும் போவதில்லை. தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும்போதுதான் தெரியுமாம். யார் நிற்கப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. வருகை, மார்க், நடத்தை மூன்றையும் மாசாமாசம் ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுத வேண்டும். ஏற்கெனவே ஆப்பில் ஒரு முறை, ரிஜிஸ்டரில் ஒரு முறை எழுதிக்கொண்டிருந்த டீச்சர்கள், மூன்றாவது முறை எழுதச் சொன்னால் லீவு போடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வருகிறேன், பிரிஜிட் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு நேரமே இல்லை, எனக்கு அந்தப் பிள்ளைகளைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன்.

"எமி, உங்க தெருவுல யார் வீட்டுல இன்னைக்கு என்ன குழம்புங்கறது வரைக்கும் உனக்குத் தெரியும். அந்தத் திறமையை இங்க கொண்டு வா, கொஞ்சம் புண்ணியமாவது சேரட்டும்" என்றாள்.

மூணு கலர் பொட்டு

படிவத்தோடு வந்த உத்தரவின்படி, வண்டி ஒழுங்காக ஓடும் பெண்ணுக்குப் பச்சை, தடுமாறும் பெண்ணுக்கு மஞ்சள், நிற்கப் போகிறவளுக்குச் சிவப்பு. ஒரு மாசத்தில் ஐந்து நாளுக்கு மேல் ஆப்சென்ட் விழுந்தால், அது அரை நாளாக இருந்தாலும், ஒரு குறை. ஒரு பாடத்தில் பாஸ் மார்க்குக்குக் கீழே போனால் இன்னொரு குறை. டீச்சரிடம் திட்டு வாங்கியிருந்தால் மூன்றாவது குறை. ஒன்று என்றால் மஞ்சள், இரண்டு என்றால் சிவப்பு. அவ்வளவுதான் விஞ்ஞானம்.

ஸ்கெட்ச் பேனாவில் வைத்துப் பார்த்தேன். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் பச்சை போய் மஞ்சளோடு கலந்து எல்லாப் பெண்களும் ஒரே நிறமாகிவிட்டார்கள். மார்க்கெட்டில் ஃபேன்சி ஸ்டோருக்குப் போய் மூன்று நிறத்தில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை வாங்கி வந்தேன். பள்ளி ஸ்டோர் ரூமில் இருந்த இரும்பு பீரோவின் கதவுக்கு உள்பக்கம் சார்ட் பேப்பரை ஒட்டி, பெயருக்கு நேரே பொட்டு வைத்துப் பீரோவைப் பூட்டினேன். பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது, மனசு கஷ்டப்படும் என்று பிரிஜிட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அந்த ரகசியம் ஒன்றரை நாள் தாங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு இடைவேளையிலும் ஏழெட்டுப் பெண்கள் சாக்பீஸ் எடுக்க வந்தார்கள். இத்தனை சாக்பீஸ் வாங்கி எந்த வகுப்பில் யார் எழுதினார்கள் என்று இன்று வரை தெரியாது.

பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி வீடு இருந்தும் தினமும் தாமதமாக வருகிற ஷாலினி என்ற ஒருத்தி, கதவைத் திறந்து தன் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள். நான் திட்டுவதற்குத் தயாராக இருந்தேன்.

"ஆன்ட்டி, எனக்கு மஞ்சள் எடுக்காது. பச்சை தர மாட்டீங்கன்னு தெரியும், ஒரு மெரூனாவது வைங்க" என்றாள்.

போன் செய்தால்

மஞ்சளும் சிவப்பும் வாங்கிய பெண்களின் வீட்டுக்கு நான் போன் செய்ய வேண்டும். பிள்ளைகள் கொடுத்த எண்களில் பாதி உபயோகத்தில் இல்லை. ஒன்று ஒரு டீக்கடையில் எடுத்தது. கடைக்காரர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பொண்ணை நல்லாப் படிக்கச் சொல்லும்மா என்று எனக்கே புத்தி சொல்லி வைத்தார்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஒரு பெண்ணின் அம்மா. நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர். நான் கான்வென்டில் கற்ற மரியாதை எல்லாம் போட்டு, உங்கள் மகள் இந்த வருஷம் தேர்ச்சி பெறுவாள் என்று நீங்கள் நினைக்கிறீர்களா என்று கேட்டேன். படிவத்தில் அந்தக் கேள்வி அப்படித்தான் இருந்தது. அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"யம்மா, ஸ்கூல்ல உக்காந்துகினு கீறது நீ. மார்க்கு நோட்டு உன் கைல கீது. பாஸாவுமான்னு வேலை செய்ற வூட்டுல நின்னுகினு கீற என்னாண்ட கேக்குற. ஜோசியம் பாக்குறவங்ககூட இப்படித் திருப்பிக் கேக்க மாட்டாங்க" என்றார்.

மோனிஷா

ஜூலையில் மஞ்சள், ஆகஸ்டில் சிவப்பு, செப்டம்பரிலும் சிவப்பு. எர்ணாவூரிலிருந்து வருகிறவள், அப்பா டிரெய்லர் லாரி ஓட்டுகிறார் என்பதற்கு மேல் அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பள்ளியில் ஒன்பதரைக்கு வருகைப் பதிவு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வந்தால் அரை நாள் ஆப்சென்ட். மோனிஷா பல நாள் பத்தேகாலுக்குத்தான் வருவாள். இரட்டைப் பின்னல் ஒழுங்காக இருக்கும், ரிப்பன் ஒழுங்காக இருக்கும், முகம் மட்டும் மாரத்தான் ஓடிய மாதிரி இருக்கும். முதல் பீரியட் தினமும் கணக்கு. கணக்கு நடக்கும்போது ஆள் இல்லை என்றால் கணக்கில் மார்க் எங்கிருந்து வரும்? மாதத் தேர்விலும் குறைவு, காலாண்டில் பதினொன்று. இரண்டு குறை சேர்ந்துவிட்டது, சிவப்பு.

அதற்குள் பிரிஜிட் இன்னொரு முடிவும் எடுத்திருந்தாள். தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போவதற்குள் சிவப்பிலேயே இருக்கும் பெண்களின் பெற்றோரைக் கூப்பிட்டு, டி.சி. கொடுத்து, தனித்தேர்வராக எழுதிக்கொள்ளச் சொல்வது. பள்ளியின் தேர்ச்சி கெடாது, பிள்ளைக்கும் அவகாசம் கிடைக்கும் என்பது அவள் நியாயம். எங்கள் பக்கத்தில் 'பிரைவேட்டா எழுதிக்கிறேன்' என்று டி.சி. வாங்கிய பெண்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருத்தி எக்ஸ்போர்ட் கம்பெனியில் பட்டன் தைக்கிறாள். இன்னொருத்தி இடுப்பில் பிள்ளையோடு மீன் வாங்க வருகிறாள். போய்ப் பரீட்சை எழுதியவளை மட்டும் நான் இதுவரை பார்த்ததில்லை. இது தெரிந்தும் நான் மோனிஷாவுக்கு இரண்டாவது சிவப்பை ஒட்டினேன். சோம்பேறி, வேறென்ன என்று நினைத்தேன்.

அன்றைக்கு அவளை வாசலிலேயே நிறுத்தி வைத்துத் திட்டினேன். எங்கள் காலத்தில் தாமதமாக வந்தால் மாதா கெபிக்கு முன்னால் முழங்கால் போட வைப்பார்கள் என்றேன். உங்க எர்ணாவூர்ல மட்டும் சூரியன் லேட்டா உதிக்குதா என்று கேட்டேன். வண்டி லேட்டு ஆன்ட்டி என்று ஒரே ஒரு பதில். அதைச் சொல்லாத பிள்ளை உண்டா? நான் மறுபடியும் ஆரம்பித்தேன். தலையைக் குனிந்துகொண்டு முழுவதும் கேட்டாள். மூச்சு வாங்க நான் நிறுத்தியபோது நிமிர்ந்தாள்.

"முடிச்சிட்டீங்களா ஆன்ட்டி? இன்னிக்கு நடத்துன கணக்கு நோட்டு மட்டும் யார்ட்டயாவது வாங்கித் தாங்க. இண்டர்வெல்லுல எழுதிக்கிறேன்."

அப்பா வந்தார்

சிவப்புப் பெண்கள் ஏழு பேர். அந்த ஏழு பேரில் முதலாவதாக மோனிஷாவின் அப்பாவைக் கூப்பிட்டோம். காக்கிச் சட்டை, கழுத்தில் துண்டு, கையில் செருப்பு. கான்வென்ட் வராந்தா பளபளவென்று இருந்ததைப் பார்த்து வெளியிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறார். நாற்காலியில் உட்காரவில்லை. பிரிஜிட் வருகைப் பதிவை அவர் முன்னால் திருப்பி வைத்து, டி.சி. பற்றி மெதுவாகச் சொன்னாள். அவர் பதிவைப் பார்க்கவில்லை, பிரிஜிட் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பொண்ணு காலையில ஏழே முக்காலுக்கு வூட்டை வுட்டுக் கிளம்பிடுது சிஸ்டர் என்றார். ஏழே முக்காலுக்குக் கிளம்பினால் பத்தேகால் வரைக்கும் எங்கே போகிறாள் என்று நான்தான் கேட்டேன். கேட்ட தோரணை எனக்கே நன்றாக இல்லை, பரவாயில்லை என்று நினைத்தேன்.

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் துறைமுக கேட் வரைக்கும் வரிசையில் நிற்கும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். சில நாள் நிற்காது, சில நாள் எர்ணாவூர் வரைக்கும் நிற்கும். அதன் பின்னால் மாட்டிய பஸ் நகராது. மெட்ரோவில் வரலாமே, ரயிலில் வரலாமே என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். யூனிஃபார்ம் போட்ட பிள்ளைக்கு இலவச பாஸ் பஸ்ஸில்தான் செல்லும். வருஷம் முழுக்க டிக்கெட் எடுக்கிற வசதி இருந்தால் அவர் ஏன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் முன்னால் நிற்கிறார்? சரி, லாரிக்காரர்களை ஒரு ஓரமாக நிற்கச் சொல்லி யாராவது கேட்கக் கூடாதா என்று கேட்டுவிட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த பஸ்ஸுக்கு முன்னாடி மறிச்சுகினு நிக்கிறதே என் வண்டிதான் மேடம். ரெண்டு வாட்டி சைடு கண்ணாடில நானே பாத்துகீறேன். படிக்கட்டாண்ட புக்கைத் தொறந்து வச்சுகினு நிக்குது. நான் இறங்கிப் போயி இன்னா சொல்லுவேன்?"

அடுப்பங்கரைக் காலண்டர்

பிரிஜிட் நம்பவில்லை. எல்லா அப்பாவும் பெண்ணைக் காப்பாற்றத்தான் பேசுவார்கள் என்றாள். ஆனாலும் திங்கட்கிழமை வரைக்கும் பட்டியலை நிறுத்தி வைத்தாள். எனக்கு அந்த மனிதர் சொன்னது மனசில் ஒட்டிக்கொண்டுவிட்டது. சும்மா இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை காலை கேஸ் புக் பண்ணிய தேதியைப் பார்க்க அடுப்பங்கரைக் காலண்டரைப் புரட்டினேன். நகைக்கடையில் கொடுத்த பெரிய மாதக் காலண்டர். அதில் சிலிண்டர் வந்த நாள், பால் வராத நாள், இவற்றோடு இன்னொரு குறியும் உண்டு. என் வீட்டுக்காரர் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை செய்கிறார். கப்பல் வருகிற நாட்களில் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வர மாட்டார். அந்த நாட்களில் நான் ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பேன். சண்டை வரும்போது சாட்சி வேண்டாமா? அந்தக் குறிகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு பையிலிருந்து மோனிஷாவின் ஆப்சென்ட் தேதிகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். மூன்று மாதத்தில் அவள் தாமதமாக வந்தது பதினேழு நாள். அதில் பதினாலு நாள் என் பெருக்கல் குறி. மிச்சம் மூன்று நாள் மழை.

வீட்டுக்காரரைக் கேட்டேன். கப்பல் வருகிற அன்றைக்கே, அது வருவதற்கு முன்னால் கன்டெய்னரை உள்ளே கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு கெடு உண்டாம். எல்லா டிரெய்லரும் அந்தக் கெடுவுக்குள் வந்து விழுமாம், அதனால்தான் வரிசையாம். இத்தனை வருஷத்தில் அவர் ஆபீஸ் விஷயம் எதையும் நான் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அவர் காலண்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுவரைக்கும் நான் லேட்டா வந்தது எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கே. சரி, போகட்டும், என்னால ஒரு பொண்ணாவது படிக்கட்டும்" என்றார்.

பட்டியல் நின்றது

திங்கட்கிழமை காலண்டரைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். போனதும் முதலில் அட்மிஷன் ரிஜிஸ்டரை வாங்கி, சிவப்புப் பெண்கள் ஏழு பேருடைய விலாசத்தையும் பார்த்தேன். மேலிடத்துப் படிவத்தில் வருகைக்கு இடம் இருந்தது, மார்க்குக்கு இடம் இருந்தது, நடத்தைக்கு இடம் இருந்தது. பிள்ளை எங்கிருந்து வருகிறாள் என்பதற்கு இடமே இல்லை. எனக்கும் தோன்றவில்லை. ஐந்து பேர் எர்ணாவூர், எண்ணூர், தாழங்குப்பம். எல்லாரும் ஒரே பஸ். ஆறாவது பெண்ணுக்கு மஞ்சள் காமாலை. ஏழாவது ஷாலினி. இத்தனை நாளும் நான் பெண்களை அளக்கவில்லை, எண்ணூர் ரோட்டை அளந்திருக்கிறேன்.

பிரிஜிட் காலண்டரையும் ரிஜிஸ்டரையும் இரண்டு தடவை ஒத்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் பேனாவை எடுத்தாள். அவள் தப்பை ஒத்துக்கொள்கிற விதம் அதுதான், பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்தே. பிறகு இரண்டு உத்தரவு போட்டாள். வருகையை இரண்டாவது பீரியடிலும் ஒரு தடவை எடுக்க வேண்டும். பிளஸ் டூவுக்குக் கணக்கு இனி முதல் பீரியடில் கிடையாது, மதியத்துக்கு முன்னால் நாலாவது பீரியடுக்குப் போகிறது. டைம் டேபிள் போடுவது கணக்கு டீச்சர் ஸ்டெல்லா மிஸ். முப்பது வருஷ சர்வீஸ். கோபத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் போட்டார், மறுபடியும் கழற்றினார். ஒரு பீரியடை நகர்த்தினால் பதினொரு டீச்சர்களின் பீரியட் நகர வேண்டுமாம். இரண்டு நாள் உட்கார்ந்து நகர்த்திக் கொடுத்தார். கொடுக்கும்போது தாளை என் கையில் வைத்தார், பிரிஜிட் கையில் வைக்கவில்லை.

"டைம் டேபிளை மாத்தறதும் திருவிழாவுல தேர் போற தெருவை மாத்தறதும் ஒண்ணு எமிம்மா. யாராவது சண்டைக்கு வந்தா உங்க வீட்டு விலாசத்தைக் கொடுத்துடுவேன்" என்றார்.

நின்ற லாரி

இரண்டாவது பீரியடில் எடுத்த வருகையில் எண்ணூர் ரோட்டுப் பெண்கள் ஐந்து பேரும் இருந்தார்கள். முதல் வாரம் இருந்தார்கள், இரண்டாவது வாரமும் இருந்தார்கள். ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. காமாலைப் பெண் திரும்பி வந்து பச்சைக்கு ஏறினாள். பீரோவைத் திறந்து சிவப்புப் பொட்டுகளை நகத்தால் உரித்தேன். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் ஐந்து டி.சி.யில் கையெழுத்துப் போட்டிருப்போம்.

ஷாலினி மட்டும் இரண்டாவது பீரியடிலும் தாமதம். இவளை அளப்பதில் அளவுகோலுக்கு ஒரு கெடுதலும் இல்லை. கூப்பிட்டேன். எண்ணூர்ப் பெண்களுக்கு லாரி வரிசை, உனக்கு என்ன தாயே, இரண்டு தெரு நடந்து வருவதற்குள் என்ன வரிசை என்று கேட்டேன். எங்க தெருவிலும் லாரி நிக்குது ஆன்ட்டி என்றாள். நானும் இந்த முறை உஷாராக, அவசரப்பட்டுத் திட்டாமல், அது எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது என்று பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டேன்.

"போவாது ஆன்ட்டி. அதுக்கு டயரே கிடையாது" என்றாள்.

இருபத்தொன்பது

அரையாண்டில் மோனிஷா கணக்கில் இருபத்தொன்பது. பாஸ் மார்க்குக்கு இன்னும் ஆறு குறைவு. மற்ற நாலு எண்ணூர்ப் பெண்களும் பாஸ் மார்க்கைத் தாண்டிவிட்டார்கள். பெயர்ப் பட்டியலில் கடைசிக் கையெழுத்துப் போட வேண்டிய நாள். பிரிஜிட் மோனிஷாவின் பெயருக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். வருகை சரியாகிவிட்டது, ஆனால் மார்க் இன்னும் குறைதானே, தோற்றுவிட்டால் என்ன செய்வது, ஜூனில் தனியாக எழுதட்டுமே என்று மறுபடியும் பழைய பாட்டு. நான் வாயைத் திறந்தேன். ஆனால் நான் திறந்தால் சண்டையாகும், அவள் பேனா இன்னும் கெட்டியாகிவிடும். அந்தப் பழக்கம் எங்களுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து உண்டு. அதனால் மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தியாகங்களில் அது ஒன்று.

ஸ்டெல்லா மிஸ் விடைத்தாளைக் கொண்டு வந்து மேஜையில் போட்டார். தன் மதிய சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண்ணுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதுதான் தெரிந்தது. டைம் டேபிளுக்காகச் சண்டை பிடித்த அதே மனுஷி.

"பதினொண்ணுல இருந்து இருபத்தொன்பதுக்கு ஏறி வந்தவ பேரை அடிக்கறதா இருந்தா, வருஷம் பூரா நாப்பதுலயே உட்கார்ந்திருக்கறவங்க பேரையும் அடிங்க சிஸ்டர். நான் வீட்டுக்குப் போய் நிம்மதியா சாப்பிடறேன்" என்றார்.

பிரிஜிட் கையெழுத்துப் போட்டாள்.

ஆயா பல் துலக்கும் முன்

கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து போன் செய்தார். ஒரு மனைவி கேட்க விரும்பாத செய்தி: நாளைக்குக் கப்பல் இரண்டு. எண்ணூர்ப் பெண்கள் ஐந்து பேருடைய வீட்டுக்கும் போன் போட்டேன். இந்த முறை எல்லா எண்களும் சரியாக இருந்தன. நான் சொல்வதற்கு முன்னால் அவர்களே சொன்னார்கள். லாரி வரிசை நமக்குத் தெரியாததா மேடம், பரீட்சை ஆறு நாள்தானே, ஆறு நாளைக்கு மெட்ரோவிலோ பைக்கிலோ எப்படியோ கொண்டு வந்து விட்டுவிடுவோம் என்றார்கள். வருஷம் முழுவதும் முடியாது, ஆறு நாள் முடியும். மோனிஷாவின் அப்பா மறுநாள் வண்டி எடுப்பதாக இல்லை, தோஸ்து ஒருவருடைய பைக்கைக் கேட்டு வைத்திருந்தார்.

எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. காலையில் சமையலைப் பாதியில் விட்டுவிட்டு ஏழு மணிக்கெல்லாம் பள்ளிக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே பிளாட்பாரத்தில் ஐந்து பெண்களும் வரிசையாக உட்கார்ந்து ஃபார்முலா சொல்லிக்கொண்டிருந்தார்கள். பரீட்சை பத்து மணிக்கு. ஆறரைக்கே வந்துவிட்டார்களாம். கேட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வாயில் பிரஷ்ஷோடு வந்து சாவியைப் போட்டுத் திறந்துகொண்டே என்னிடம் முறையிட்டார்.

"வருசம் பூரா நான் கேட்டு மூடின அப்பால வந்துதுங்க. இன்னிக்கு நான் பல்லு வெளக்கறதுக்குள்ள வந்து குந்திகினு கீதுங்க. ஒரு நாளாவது டயத்துக்கு வராதுங்களா இதுங்க?"

நாற்பத்து நாலு

ரிசல்ட் வரும் அன்று காலையில் முப்பத்தெட்டுப் பேரின் பதிவு எண்ணும் பிறந்த தேதியும் என் கையில் இருந்தன. வீட்டுக்காரர் போனில் முதலில் மோனிஷாவின் எண்ணைத்தான் போட்டேன். வளையம் சுற்றியது, சுற்றியது, நின்றது. மறுபடியும் போட்டேன். விவரம் தவறு என்று வந்தது. அவசரத்தில் அவள் பிறந்த தேதிக்குப் பதிலாக என் கல்யாணத் தேதியைப் போட்டிருக்கிறேன். அதற்குள் என் போன் அடித்தது, மோனிஷா. ஆன்ட்டி என்று கூப்பிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்குள் நான் ஒட்டிய இரண்டு சிவப்பும் கண் முன்னால் வந்து போயின. பாஸ் ஆன்ட்டி என்றாள். எல்லாப் பாடமும். கணக்கில் எவ்வளவு என்று கேட்பதற்குள் மூக்கை உறிஞ்சிவிட்டேன். அவளே சொன்னாள்.

"ஆன்ட்டி, அழுவாதீங்க. நாப்பத்தி நாலுதான். இதுக்கே நீங்க இப்படி அழுதா, தொண்ணூறு வாங்கினவங்க வூட்டுல இன்னா பண்ணுவாங்க?"

ஷாலினி ஒரு பாடத்தில் போய், துணைத் தேர்வுக்கு மட்டும் நேரத்துக்கு வந்து, ஜூலையில் அதையும் முடித்தாள். ஆக முப்பத்தெட்டுப் பேரும் கரையேறிவிட்டார்கள், அந்த வகுப்பில் எல்லாருக்கும் கடைசியாகப் பாஸானது அவர்களை அளந்துகொண்டிருந்த நான்தான்.